செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய் ஸ்டேஷனைத் தத்தெடுத்த கதை

எங்கள் ஊர் ஸ்டேஷனில் ஊழியர் என்று யாரும் கிடையாது. டிக்கெட் கவுண்டர் கிடையாது, கழிப்பறை கிடையாது, தண்ணீர்க் குழாய்கூடக் கிடையாது. இரண்டு நடைமேடை, நடுவில் ஒரு இரும்பு நடைபாலம், பக்கத்துக்கு ஒரு நிழற்குடை, நினைத்தால் வேலை செய்யும் ஒரு டிக்கெட் எந்திரம், அவ்வளவுதான். (பழக்கத்தில் நிழற்குடை என்று எழுதிவிட்டேன். வட இங்கிலாந்தில் நிழலுக்கு யார் ஒதுங்குகிறார்கள்? மழைக்குத்தான்.) மணிக்கு ஒரு ரயில் வரும். இரண்டே பெட்டி, டீசல் வண்டி.

2021 அக்டோபரில் அந்த நிழற்குடையில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ‘தோட்ட வேலை பிடிக்குமா? சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாருங்கள்.’ எனக்குத் தோட்ட வேலை அப்படியொன்றும் பிடிக்காது. ஆனால் ஒன்றரை வருடமாக வீட்டிலேயே உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் பார்த்து வேலை செய்து, வாரத்தில் நான்கு நாள் கடைக்காரரைத் தவிர வேறு யாரிடமும் பேசாத நிலைக்கு வந்திருந்தேன். அதனால் போனேன். அங்கே ஐந்து பேர் இருந்தார்கள், நான்தான் இளையது. கையில் ஒரு சின்ன மண்வாரியைக் கொடுத்து, மரத்தொட்டியில் செத்துக் கிடந்த செடிகளைப் பிடுங்கச் சொன்னார்கள்.

இதற்கு இங்கே ‘ஸ்டேஷனைத் தத்தெடுப்பது’ என்று பெயர். ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, ரயில் நிறுவனத்திடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கி, தங்கள் ஊர் ஸ்டேஷனைப் பார்த்துக்கொள்வது. நாடு முழுக்க இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்கள் இருக்கின்றன. இவை தவிர, ஒரு பாதை முழுமைக்குமாகச் சேர்ந்து வேலை செய்யும் கூட்டமைப்புகள் 70-க்கு மேல் உண்டு. அங்கே சம்பளத்துக்கு ஒரு அலுவலர் இருப்பார். உள்ளூராட்சிகளும் ரயில் நிறுவனமும் பணம் கொடுக்கும். இவர்களுக்கெல்லாம் பொதுவான தலைமை அமைப்பு கம்யூனிட்டி ரெயில் நெட்வொர்க். இந்த வித்தியாசம் புரியவே எனக்கு ஆறு மாதம் ஆனது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் ரயில் நிறுவனத்தின் பொதுத் தொலைபேசி எண்ணில் இசை கேட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம். உங்கள் பாதைக்கான கூட்டமைப்பின் அலுவலரைப் பிடியுங்கள். யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும்.

மண்வாரியைப் பிடிப்பதற்கு முன்னால் பாதுகாப்பு வகுப்பு. ஒரு மணி நேரம்தான், ஆனால் அதில் சொன்ன எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருந்தது. மஞ்சள் கோட்டைத் தாண்டக்கூடாது. தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனியக்கூடாது. வண்டி வரும்போது வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து நிற்க வேண்டும். எதுவும் தண்டவாளத்தில் விழுந்தால், அது உங்கள் தாத்தாவின் கைக்கடிகாரமாக இருந்தாலும், இறங்கக் கூடாது. அப்புறம் ஒன்று சொன்னார்கள், அதை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்காதீர்கள்.

மூன்றாவது வாரம், தொட்டிக்கு முன்னால் அரைமணி நேரம் குனிந்திருந்துவிட்டு எழுந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு கையையும் மேலே தூக்கி நெட்டி முறித்தேன். அப்போது வளைவில் கல் ஏற்றிய சரக்கு வண்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் அது நிற்காது. நீளமாக ஒரு ஹாரன், அப்புறம் பிரேக் பிடிக்கும் கிறீச் சத்தம். என்ஜின் எனக்கு நேரே வந்து நின்றது. ஓட்டுநர் ஜன்னலைத் திறந்து, ‘என்ன ஆச்சு?’ என்றார். ரயில் பாஷையில் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினால் ‘ஆபத்து, நிறுத்து’ என்று அர்த்தம். இடுப்பு வலி என்று சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது பரவாயில்லை, என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது புதிதாக யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்வது என் பொறுப்பு. விதியை வாசித்துக் காட்டினால் மறந்துவிடுவார்கள், நான் அசடு வழிந்ததைச் சொன்னால் மறக்கமாட்டார்கள்.

எங்கள் குழுவில் மூத்தவர் ஓய்வுபெற்ற சிக்னல்காரர். ‘எதற்கு இதெல்லாம்?’ என்று யாராவது கேட்டால், அவர் 1963-இல் தொடங்குவார். அந்த வருடம் மார்ச் 27-ஆம் தேதி, பிரிட்டிஷ் ரயில்வே வாரியத்தின் தலைவராக இருந்த ரிச்சர்ட் பீச்சிங் ஒரு அறிக்கை வெளியிட்டார். நஷ்டத்தில் ஓடும் கிளைப் பாதைகளை மூடச் சொன்ன அறிக்கை அது. 2,363 ஸ்டேஷன்களை மூடலாம் என்றது. அவற்றில் பெரும்பாலானவற்றை உண்மையாகவே மூடினார்கள். எங்கள் பாதை தப்பித்தது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருந்தது போய்விட்டது, இன்று அங்கே சைக்கிள் ஓட்டுகிறார்கள். ‘மூடின பாதையில் சைக்கிள் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் எண்பது வயதில் ஆஸ்பத்திரிக்கு அதில் போக முடியுமா?’ என்பார் பெரியவர்.

அவருக்குப் பிடித்த இன்னொரு கதை, வட இங்கிலாந்தின் செட்டில்–கார்லைல் ரயில் பாதை. 1980-களில் அதை மூடப் போகிறோம் என்று அறிவித்தார்கள். 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்சேபணைகள் குவிந்தன. அதில் ஒன்று ரஸ்வார்ப் என்ற நாயுடையது. டிக்கெட் வாங்கிப் பயணம் செய்த நாய் என்பதால், அதன் பாதச் சுவட்டையும் முறையான ஆட்சேபணையாக ஏற்றுக்கொண்டார்கள். 1989 ஏப்ரல் 11 அன்று, பாதையை மூடுவதில்லை என்று அரசு முடிவு செய்தது. கார்ஸ்டேல் ஸ்டேஷனில் அந்த நாய்க்கு வெண்கலச் சிலை இருக்கிறது. நான் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வயல்வெளியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது.

சரி, செடிக்கு வருவோம். எங்கள் முதல் கோடையில் பெட்டூனியா வைத்தோம். நல்ல நிறம், எல்லோரும் பாராட்டினார்கள். 2022 ஜூலை வந்தது. ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரில் 40.3 டிகிரி பதிவானது. இந்த நாட்டில் வெயில் 40 டிகிரியைத் தொட்டது அதுதான் முதல்முறை. ஸ்டேஷனில்தான் குழாயே கிடையாதே. நானும் பக்கத்து வீட்டு அம்மாவும் தள்ளுவண்டியில் பிளாஸ்டிக் கேன்களை ஏற்றி, மேட்டில் தள்ளிக்கொண்டு போய் ஊற்றினோம். நான்கு நாள் செய்தோம். ஐந்தாம் நாள் இரண்டு பேருக்கும் முதுகு வலி. செடிகள் எல்லாம் அப்பளமாகிவிட்டன.

நிழற்குடையின் கூரையில் விழும் மழைத் தண்ணீரை ஒரு பீப்பாயில் பிடித்தால் என்ன என்று தோன்றியது. ஒரு குழாய், ஒரு பீப்பாய், அரை நாள் வேலை. அனுமதி கிடைக்க ஒன்பது மாதம் ஆயிற்று. தடுத்தவர் என்று யாரும் இல்லை. நிலம் ஒருவருடையது, குத்தகைக்கு எடுத்து நடத்துவது இன்னொருவர், ஸ்டேஷனுக்கு வரும் சரிவுப் பாதை மூன்றாமவருடையது. எங்கள் கடிதம் மூன்று மேசைகளிலும் மாறிமாறித் தூங்கியது. இப்போது நான் எந்த வேலைக்கும் முதலில் ஒரு படம் வரைகிறேன். ஸ்டேஷனின் வரைபடம் ஒன்றை எடுத்து, எந்த இடம் யாருடையது என்று மூன்று நிறத்தில் தீட்டி வைத்திருக்கிறேன். அந்தக் காகிதம் எங்களுக்கு மிச்சப்படுத்திய நேரத்துக்கு அளவே இல்லை. செடியையும் மாற்றிவிட்டோம். லாவெண்டர், ரோஸ்மேரி, தைம். பத்து நாள் மறந்தாலும் கோபித்துக்கொள்ளாத ஜாதி.

குப்பை பொறுக்குவது, பழைய அறிவிப்புகளைக் கிழிப்பது, பள்ளிப் பிள்ளைகள் வரைந்த படங்களை மாட்டுவது, இதெல்லாம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. செய்தால் நன்றாக இருக்கும், செய்யாவிட்டால் தெரியும்.

இரண்டாவது வருடம்தான் எண்ணிக்கையின் அருமை புரிந்தது. ஒவ்வொரு ஸ்டேஷனையும் எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்று ரயில், சாலை ஒழுங்குமுறை ஆணையம் வருடா வருடம் மதிப்பீடு வெளியிடும். மான்செஸ்டர் பக்கத்தில் இருக்கும் டென்டன் ஸ்டேஷனுக்கு 2023–24-இல் வந்த கணக்கு வெறும் 54. அந்த வருடம் நாட்டிலேயே கடைசி. அங்கே வாரத்துக்கு ஒரு நாள்தான் ரயில் நிற்கிறது என்பது வேறு விஷயம். எங்கள் ஸ்டேஷன் அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் நாங்கள் கண்ணால் பார்ப்பதற்கும் அந்த எண்ணுக்கும் பொருந்தவில்லை.

அந்த மதிப்பீட்டுக்கு முக்கிய அடிப்படை டிக்கெட் விற்பனை. எங்கள் எந்திரம் வேலை செய்யாத நாளில், கூட்டத்தில் ரயில் கார்டு நடந்து வந்து டிக்கெட் கொடுக்க முடியாத நாளில், பயணம் செய்தவர்கள் கணக்கில் வருவதே இல்லை. பக்கத்துப் பெரிய ஸ்டேஷனிலிருந்து சீசன் டிக்கெட் வைத்திருந்து, அதை வைத்துக்கொண்டே இங்கிருந்து ஏறிக்கொள்பவர்களும் உண்டு. ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, ‘நாலு ரூபாய் மாதிரி சின்னக் காசை மிச்சம் பிடிக்கப் போய் நம்ம ஸ்டேஷனையே இல்லாமல் ஆக்காதீர்கள்’ என்ற பொருளில் ஏதோ பேசினேன். பென்ஸ் கணக்கில்தான் பேசினேன், கைதட்டல் கிடைக்கவில்லை. ஆனால் மறுவாரம் எந்திரத்துக்கு முன்னால் வரிசை நின்றது.

நாங்களே எண்ணியும் பார்த்தோம். இரண்டு செவ்வாய், ஒரு சனி. முதல் ரயிலிலிருந்து கடைசி ரயில் வரை, இரண்டிரண்டு மணி நேரம் மாறிமாறி உட்கார்ந்து, ஏறுபவர் எத்தனை, இறங்குபவர் எத்தனை, சைக்கிள் எத்தனை, தள்ளுவண்டிக் குழந்தை எத்தனை என்று பென்சிலால் கோடு போட்டோம். அதில்தான் வேறொன்று கண்ணில் பட்டது. மாலை 6:20 ரயிலில் இறங்கிய பதினான்கு பேரும் நடைபாலத்தில் ஓடினார்கள். மலைமேல் இருக்கும் குடியிருப்புக்குப் போகும் கடைசி பஸ் 6:22-க்கு. பாதிப் பேருக்குப் பிடிக்க முடியவில்லை. அவர்கள் மறுநாளிலிருந்து காரில் போவார்கள், அல்லது ஏற்கெனவே போய்க்கொண்டிருப்பவர்கள் திரும்பி வரவே மாட்டார்கள்.

எனக்கு உடனே ரயில் நேரத்தை மாற்றச் சொல்லி எழுதத் தோன்றியது. பெரியவர் சிரித்தார். ரயில் அட்டவணை மே மாதமும் டிசம்பரிலும் மட்டும்தான் மாறும். அதற்கான வேலை பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடும். இங்கே இரண்டு நிமிடம் நகர்த்தினால் தொலைவில் ஒரு சந்திப்பில் இன்னொரு வண்டிக்கு வழி அடைபடும். ‘பஸ்காரரைக் கேள்’ என்றார். கேட்டோம். எங்கள் பென்சில் கோட்டுத் தாளின் நகலையும் வைத்தோம். நான்கு மாதத்தில் பஸ் 6:32 ஆனது. உள்ளூர் ரயிலுக்காக நாங்கள் செய்ததிலேயே பெரிய காரியம் இதுதான் என்பது என் எண்ணம். இதில் ரயில்வேக்கு ஒரு கடிதம்கூடப் போகவில்லை.

இப்போது ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில் நாற்பது வருடமாக இருப்பவர். எப்போதும் கணவர் காரில் கூட்டிப்போவார். அவர் இறந்துபோனபின் வீட்டோடு அடைந்துவிட்டார். ஒரு நாள் நூலகத்தில் நாங்கள் போட்டிருந்த மேசைக்கு வந்து, ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வது போல மெல்லக் கேட்டார்: ‘எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?’

அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். முதல் முறை எல்லாவற்றையும் நானே செய்தேன். டிக்கெட் எடுத்தேன், கதவைத் திறந்தேன், உட்கார இடம் பிடித்தேன், டீ வாங்கிக் கொடுத்தேன். அருமையான நாள் என்று நன்றி சொன்னார். அடுத்த வாரம் தனியாகப் போனீர்களா என்று கேட்டேன். இல்லை, நீங்கள் மறுபடி எப்போது போகிறீர்கள் என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது, நான் அவருக்கு ஒரு சுற்றுலா காட்டியிருக்கிறேன், ரயிலில் போகக் கற்றுத் தரவில்லை.

இரண்டாம் முறை ஒரே ஒரு ஸ்டேஷன் தூரம். போய் இறங்கி, எதிர் நடைமேடைக்கு மாறித் திரும்பி வருவது மட்டும். நான் கைகளைக் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டேன். வண்டி வந்து நின்றது. அவர் கதவுக்கு முன்னால் நின்றார். கதவு திறக்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் நடைபாலத்தைப் பார்த்தேன். கதவில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதைச் சுற்றி விளக்கு எரிந்தால்தான் அமுக்க வேண்டும். அவர் விளக்கு எரிவதற்கு முன்னால் ஒரு முறை அமுக்கினார், கம்பளிக் கையுறையோடு ஒரு முறை லேசாகத் தொட்டார். மூன்றாவது முறை கையுறையைக் கழற்றி, விரல் கணுவால் ஓங்கி ஒரு குத்து விட்டார். திறந்துகொண்டது. உள்ளே போய் உட்கார்ந்து கையுறையை மறுபடி மாட்டியவர், அந்த ஐந்து நிமிடமும் பேசவே இல்லை. ஜன்னல் வழியே தன் வீட்டின் பின்பக்கம் தெரிந்தபோது மட்டும், ‘கூரையில் பாசி பிடித்திருக்கிறதே’ என்றார்.

மூன்று வாரம் கழித்து எதிர் நடைமேடையில் அவர் தனியாக நிற்பதைப் பார்த்தேன். என்னைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. நான் கூப்பிடவில்லை.

இந்த மாதிரிப் பயணங்களை இப்போது மாதம் ஒரு முறை நடத்துகிறோம். நான்கு பேருக்கு மேல் அழைப்பதில்லை. 60 வயது தாண்டியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி தரும் அட்டை உண்டு என்பதும், சக்கர நாற்காலியோ வேறு உதவியோ தேவைப்படுபவர்கள் பயணத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை சொல்லி ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்பதும் பலருக்குத் தெரியவே தெரியாது. துண்டுக் காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்தால் வாங்கி மடித்து வைத்துக்கொள்வார்கள். கூட உட்கார்ந்து, உதவி கேட்கும் தொலைபேசி எண்ணுக்கு ஒருமுறை பேசிவிட்டால்தான் பயன்படுத்துவார்கள்.

2023 ஜூலையில் ஒரு சோதனை வந்தது. இங்கிலாந்து முழுக்கப் பெரும்பாலான டிக்கெட் கவுண்டர்களை மூடப் போவதாக அறிவிப்பு. எங்கள் பாதையில் ஆள் இருக்கும் ஒரே கவுண்டரும் பட்டியலில் இருந்தது. ஸ்டேஷனில் செடி வைக்க ரயில் நிறுவனத்தின் அனுமதி வேண்டும், சின்ன நிதியும் அவர்கள்தான் தருகிறார்கள். அவர்களை எதிர்த்துக் குரல் கொடுக்கலாமா? குழு இரண்டாக உடைந்தது. கடைசியில் குழுவின் பெயரில் எதுவும் சொல்வதில்லை, ஆனால் நூலகத்தில் மேசை போட்டு, கருத்து எழுத விரும்புகிறவர்களுக்கு உதவுவது என்று முடிவானது. இணையத்தில் படிவம் நிரப்பத் தெரியாதவர்களைப் பாதிக்கும் ஒரு முடிவைப் பற்றி, இணையத்தில் படிவம் நிரப்பிக் கருத்துச் சொல்லச் சொன்னால் எப்படி? நாடு முழுக்க ஏழரை லட்சம் பதில்கள் போயின. அக்டோபர் 31 அன்று திட்டத்தைக் கைவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில் ஒரு கூட்டத்தில், கவுண்டர் மூடப்பட்டால் தன்னார்வலர்கள் வந்து எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று உதவலாமே என்று ஒருவர் நல்ல மனதோடுதான் சொன்னார். பெரியவர் எழுந்துவிட்டார். ‘நான் இன்று சும்மா செய்து கொடுக்கிற வேலைக்கு நாளை யாரும் சம்பளம் கொடுக்க மாட்டார்கள்’ என்றார். எனக்கு அதில் முழுச் சம்மதம். செடி வைப்போம், ஆள் எண்ணுவோம், பயந்தவர்களைக் கூட்டிப்போவோம். சம்பளம் வாங்கி ஒருவர் செய்ய வேண்டிய வேலையை இலவசமாகச் செய்ய மாட்டோம். புதிதாகத் தொடங்கும் குழுக்கள் இந்தக் கோட்டையும் மஞ்சள் கோடு மாதிரி முதல் நாளே போட்டுக்கொள்வது நல்லது. அப்புறம் போட்டால் சண்டை வரும்.

சண்டை என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் பட்டியலில் பதினொரு பேர், வருபவர்கள் நான்கு பேர். முதலில் மற்ற ஏழு பேர்மீது எனக்குக் கோபம் இருந்தது. இப்போது இல்லை. அவர்களில் ஒருவர் வருடத்தில் ஒரே நாள் வந்து நடைபாலத்தின் துருவை நிறுவனத்துக்குப் படம் எடுத்து அனுப்புவார். அதுவும் வேலைதான். கூட்டம் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் அடுத்த மாதம் மூன்று பேர்.

எங்களுக்குக் கொடுத்த இன்னொரு பயிற்சி, நடைமேடையில் ரயில்களை விட்டுவிட்டு நெடுநேரம் தனியாக உட்கார்ந்திருப்பவரைக் கண்டால் பேச்சுக் கொடுப்பது பற்றி. தற்கொலை எண்ணத்தோடு தவிப்பவர்களுக்குக் காது கொடுக்கும் சமாரிட்டன்ஸ் அமைப்பும் ரயில்வேயும் 2017-லிருந்து நடத்தும் பிரச்சாரம் இது. பெரிதாக ஒன்றும் கேட்க வேண்டாம், மழையைப் பற்றிக் கேட்டால் போதும், தடுமாறும் மனசுக்கு அந்தக் குறுக்கீடே உதவும் என்பதுதான் அதன் சாரம். மூன்று ரயில்களை விட்டுவிட்டு ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. களைக்கொத்தியைக் கீழே வைத்துவிட்டுப் போய், ‘மழை விடுகிற மாதிரி தெரியவில்லையே’ என்றேன். ‘ஆமாம்’ என்றார். ‘யாருக்காகவாவது காத்திருக்கிறீர்களா?’ என்றேன். மகன் சரக்கு வண்டி ஓட்டுநராகச் சேர்ந்திருக்கிறான், இந்த வாரம்தான் தனியாக ஓட்டுகிறான், அந்தக் கல் வண்டி இந்த வழியாகத்தான் போகும் என்றார். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வண்டி போனது. அவர் ஒரு கையை மட்டும் தூக்கி ஆட்டினார். சரியாகத் தெரிந்து வைத்திருந்தார்.

போன சனிக்கிழமை வசந்தகாலப் பூக்களுக்கான கிழங்குகளைப் புதைத்துக்கொண்டிருந்தோம். 10:14 வந்து நின்றது. ஓட்டுநர் பக்கவாட்டு ஜன்னலை இறக்கி, ராத்திரி கோழி சமைக்கப் போகிறேன், அந்தத் தைம் கொஞ்சம் கிடைக்குமா என்றார். கத்தரிக்கோலை எடுத்து ஒரு கைப்பிடி வெட்டி, மண்ணை உதறிக் கொடுத்தேன். மோந்து பார்த்துவிட்டு ஜன்னலை ஏற்றிக்கொண்டார். வண்டி நேரத்துக்குத்தான் கிளம்பியது.